கப்பலுக்கு ஆகாத மாத்திரை

பசுவந்தனை,
12-10-1998.

அன்பு மகன் நவநீதகிருஷ்ணனுக்கு அம்மா வெயிலுகந்தம்மாள் எழுதுறது. இங்கன நான், ஒங்கப்பா, ஒம் பொண்டாட்டி பொன்மணி, பேத்தி இசக்கிச்செல்வி நாலு பேரும் செண்பகவல்லித் தாயி கண்ணு பாத்ததுல நல்லா இருக்கோம், கடல் தாண்டிக் கெடக்க ஒனக்கும் ஒரு தலைவலி காய்ச்சல் அண்டாம அவளே காவல் இருக்கணும். நீ போன மாசம் போட்ட கடுதாசி வந்து சேந்துச்சு. சார்ஜாவுல வெயில் கொறஞ்சிருக்குன்னு எழுதியிருந்த, சந்தோசம். இங்கன கொறையல. புழுதியில உளுந்தும் சோளமும் விதைச்சுப் போட்டு பதினோரு நாள் ஆகுது, வானம் கருக்குது, மணியாச்சிப் பக்கம் மின்னுது, அங்கனயே பெய்ஞ்சுட்டு நம்மள எட்டிப் பாக்காமப் போயிருது. ஒங்கப்பா தெனமும் காட்டுக்குப் போயி கரிசலக் கையில அள்ளிப் பாத்துட்டு வந்து ஒண்ணும் சொல்லாமக் கஞ்சி குடிக்காவ. ஒம் மக வாய் ஓயாமப் பேசுதா. போன வாரம் பால்வாடி டீச்சர் வந்து, ஒங்க பேத்தி ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் சொல்லுதா, பதினாலை மட்டும் விட்டுருதான்னு சொன்னா. பதினாலைத்தான விட்டா, மிச்சம் பத்தொம்பதையும் எந்தப் பிள்ளை இப்படித் தெளிவாச் சொல்லுதுன்னு கேட்டேன், டீச்சர் சிரிச்சுட்டுப் போயிட்டா. அவளுக்குப் படிப்பு வரும்லே, என்னைய மாதிரி. எங்க அய்யா அஞ்சாப்போட என்னைய நிறுத்தாம இருந்திருந்தா இந்நேரம் நானும் ஒரு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆயிருப்பேன்.

இப்ப ஒரு விசயம் எழுதப் போறேன். பொன்மணியும் ஒனக்குத் தனியா எழுதுவா, அவ எழுதினா அது வேற மாதிரி வந்து சேரும், அதான் முந்திக்கிடுதேன். படிச்சிட்டுச் சத்தம் போடக்கூடாது, சத்தம் போட வேண்டியவுக எல்லாரும் இங்கனயே போட்டு முடிச்சாச்சு. ஒஞ் சித்தப்பன் சோலைமுத்து ஒரு நாய் வளக்கான், நீ போனதுக்கு அப்புறம் வந்தது, ஒனக்குத் தெரியாது. சிப்பிப்பாறை நாயி, வயிறு முதுகோட ஒட்டி, காலு நீண்டு, ஓடினா தரையில காலு படுதான்னே தெரியாது. இவன் ஒரு காலத்துல தூத்துக்குடி ஹார்பர்ல மூட்டை தூக்கினான்லா, அந்தப் பெருமையில அதுக்குக் கப்பல்னு பேரு வச்சிருக்கான். அவன் மக சுடலைச்செல்வி கல்யாணத்துக்கு அடுத்த தெருவுல இருக்க அண்ணன் வீட்டுக்கு நேர்ல வந்து பத்திரிகை வைக்காம தபால்ல போட்டுவிட்டான், ஸ்டாம்பு ஒட்டி. தபால்காரர் வந்து அதைக் குடுத்தப்ப எனக்கு வந்த கோவம் ஒனக்கே தெரியும். அதுல இருந்து மூணு வருசமா அவன் வீட்டு ஆளு நம்ம வீட்டுக்கு வாரதில்ல, நம்ம வீட்டு ஆளு அங்கன போறதில்ல. நாய்க்கு இதெல்லாம் யாரு சொல்லுவா. காலையில அங்கன பழைய சோத்தத் தின்னுட்டு அடுத்த நிமிசம் நம்ம வாசல்ல வந்து நிக்கும். மொதல்ல வெரட்டினேன், அப்புறம் பேத்தி அதுகூட வெளையாட ஆரம்பிச்சா, நானும் கண்டும் காணாம ஒரு தோசையப் போட ஆரம்பிச்சேன். யாருகிட்டயும் சொல்லிக்கிடல.

ஊருக்குள்ள இப்ப மினிபஸ் வருதுன்னு எழுதியிருந்தேன்லா. கப்பலுக்கு அந்த மினிபஸ்ஸைக் கண்டா ஆகாது. காலையில ஒம்பது மணிக்கு ஆரன் கேட்டவொடனே எங்க கெடந்தாலும் எந்திரிச்சு ஓடி, பஸ்ஸை ஊரு எல்லை வரைக்கும் வெரட்டிக் கொண்டு விட்டுட்டு, என்னமோ அதுதான் தொரத்திவிட்ட மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வரும். ஆவணி கடைசியில ஒருநா பஸ்ஸு பின்னால எடுக்கையில முன்னங்காலுல இடிச்சுருச்சு. எலும்பு ஒடையல, ஆனா நொண்டி நொண்டி நம்ம வாசல்ல வந்து காலைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்குது. எனக்கு மனசு கேக்கல. நீ எட்டயபுரத்துச் சாமித்துரை கையில எனக்கு மூட்டுவலிக்கு மாத்திரை குடுத்துவிட்டேல்லா, மஞ்சளா நீளமா நடுவுல கோடு போட்டது, அதைப் போட்டா எனக்கு ஒரு மணி நேரத்துல முழங்காலு பஞ்சாட்டம் ஆயிரும். வெளிநாட்டு மாத்திரைன்னா சும்மாவா. இந்தத் தெருவுல இடுப்புவலி, கைவலின்னு யாரு வந்தாலும் ஒண்ணு எடுத்துக் குடுப்பேன், எம் மவன் அனுப்பினதுன்னு சொல்லித்தான் குடுப்பேன். மனுசருக்குக் கேக்குறது நாய்க்கும் கேக்கும்னு ஒரு மாத்திரைய நம்ம கோவில்பட்டிக் கடலைமிட்டாயில அமுக்கி வச்சுக் குடுத்தேன். கடவாயில ஒரே கடி, முழுங்கிருச்சு. மறுநா பாத்தா நொண்டல் பாதி கொறஞ்சு போச்சு. எனக்கு வந்த பெருமையைக் கேக்கவா வேணும். ஒங்கப்பாகிட்டச் சொன்னேன், அவிய கஞ்சிச் சட்டியில இருந்து தலையத் தூக்காமலே, நாய்க்கும் வைத்தியம் தொடங்கியாச்சா, இனிமே மாடு மட்டுந்தான் பாக்கின்னு சொன்னாவ.

பத்து நாள் நல்லா இருந்துச்சு. புரட்டாசி ரெண்டாஞ் சனிக்கெழமை மறுபடியும் பஸ்ஸை வெரட்டப் போயி அதே காலை மடக்கிக்கிட்டு வந்துச்சு. நான் ரெண்டாவது மாத்திரையக் குடுத்தேன். கொஞ்ச நேரங் கழிச்சு அடுத்த தெருவுல சத்தம். ஓடிப்போயி மூலையில நின்னு பாத்தா, கப்பலோட மூஞ்சிய அடையாளம் தெரியல. சிப்பிப்பாறை நாய்க்கு மூஞ்சி எப்படி இருக்கும், கூரா நீட்டா இருக்கும்லா, அது பன்னி மூஞ்சி மாதிரி உப்பிப் போயி, கண்ணு ரெண்டும் கோடாயிருச்சு. ஒடம்பெல்லாம் வட்டம் வட்டமாத் தடிச்சு, தடிச்ச எடத்துல முடியெல்லாம் எந்திரிச்சு நிக்கி. தரையில மூஞ்சியப் போட்டு ஒரசுது, கக்குது, மூச்சு விடுற சத்தம் தெருமொனை வரைக்கும் கேக்குது. சோலைமுத்து அதை மடியில போட்டுக்கிட்டுத் தரையில உக்காந்திருக்கான். கூட்டத்துல ஒருத்தர் பாம்புங்காரு, ஒருத்தர் கதண்டு கொட்டியிருக்கும்ங்காரு, ஒருத்தி மட்டும் யாரோ வேணும்னே சோத்துல எதையோ வச்சிருக்காங்கன்னு சொன்னா. அதைச் சொன்னவொடனே நாலஞ்சு பேரு நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க ராசா. அதுவரைக்கும் எனக்கே மாத்திரை ஞாபகம் வரல, அந்தப் பார்வையிலதான் வந்துச்சு.

பார்வை பாக்குற வேல்சாமியக் கூட்டிட்டு வந்தாங்க. நம்ம ஊருல விசக்கடின்னா அவன்தான, கடிபட்ட ஆளுக்குச் சிரியாநங்கை எலையத் திங்கக் குடுப்பான், கசந்தா விசம் இல்ல, இனிச்சா விசம் ஏறிருச்சுன்னு அர்த்தம். இங்கன நாய்கிட்டப் போயி எலைய நீட்டுதான். அது வாங்குமா. வாயைப் பொளந்து திணிச்சான், துப்பிருச்சு. ஒடனே எந்திரிச்சு நின்னு, துப்பிருச்சுல்லா, அப்ப கசக்குது, விசம் இல்லன்னு தீர்ப்புச் சொல்லிட்டான். ஒங்கப்பாவும் எனக்குப் பின்னால வந்து நின்னாவ போல, எலே வேல்சாமி, நாய்க்கு எல என்னைக்குடா இனிச்சிருக்குன்னு கேட்டாவ. அவ்வளவு கலவரத்துலயும் கூட்டம் சிரிச்சுருச்சு. வேல்சாமி மட்டும் சிரிக்காம, சரி, காலையில இருந்து என்னதான் தின்னுச்சுன்னு கேட்டான். சோலைமுத்து, பழைய சோத்தத் தவிர ஒண்ணுமே திங்கலன்னான். நான் வாயைத் தொறக்கல. தொறந்திருக்கணும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால, மூணு வருசமா மொகங்குடுக்காத ஆளு வீட்டு நாய்க்கு நான்தான் குடுத்தேன்னு சொன்னா யாரு மருந்துன்னு நம்புவா.

அந்த நேரத்துக்கு மினிபஸ் திரும்பி வந்துச்சு. காலுல இடிச்ச பாவத்துக்கோ என்னமோ டிரைவரே எறங்கி வந்து, ஏத்துங்க அண்ணாச்சி, கோவில்பட்டி மாட்டாஸ்பத்திரியில நேரா கொண்டு விடுதேன்னு சொல்லிட்டான். சோலைமுத்து நாயைச் சாக்குல சுத்திப் பின்சீட்டுல ஏத்தினான். நானும் முன்னால ஏறி உக்காந்துட்டேன். ஒங்கப்பா கீழ நின்னுக்கிட்டு, நீ எங்கட்டி போறங்காவ. கோவில்பட்டியில சாமான் வாங்கணும்னு சொன்னேன். பை எங்கன்னாவ. பஸ்ஸு நகந்துருச்சு. வழி முழுக்கப் பின்னால கப்பல் இழுக்குற மூச்சு எங் காதுக்குள்ளயே இழுக்குது. ஒரு தடவை சத்தம் நின்ன மாதிரி இருந்துச்சு, திரும்பிப் பாத்தேன், சோலைமுத்து அது நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். நான் ரோட்டைப் பாத்து உக்காந்துட்டேன்.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, சுடலைச்செல்வி வயசுதான் இருக்கும், மாடு ஆடெல்லாம் வரிசையில நிக்க, மூச்சைப் பாத்தவொடனே கப்பலை முன்னால மேசைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டா. நான் வாசக்கதவுகிட்ட நின்னுக்கிட்டேன். ஈறைத் தூக்கிப் பாத்தா, தடிப்பைத் தடவிப் பாத்தா, காலை அமுக்கினா, அது வலியில கத்துச்சு. ஏதும் மருந்து மாத்திரை குடுத்தீங்களான்னு சோலைமுத்தைக் கேட்டா. ஒண்ணும் குடுக்கலம்மா, பூச்சிக்கடிதான்னு அவன் சத்தியம் பண்ணுதான், அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான. அப்ப சரி, வீக்கத்துக்கு ஒரு ஊசியும் காலுவலிக்கு ஒரு ஊசியும் போட்டுருதேன்னு ரெண்டையும் எடுத்து வச்சா. காலுவலிக்குன்னு சொன்னவொடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு ராசா. ஒரு வலிமருந்துக்கே இந்தப் பாடு படுது, அதுமேல இன்னொரு வலிமருந்து போனா. அம்மா, அந்த ரெண்டாவது ஊசியப் போடாதீங்க, நான் வலிமாத்திரை குடுத்திருக்கேன், நான்தான் குடுத்தேன், கடலைமிட்டாயில வச்சுக் குடுத்தேன்னு கத்திட்டேன். ஒரு ஆடு ஊடால கத்துச்சு, அது ஒண்ணுதான் கத்துச்சு.

டாக்டரம்மா வலி ஊசியத் தள்ளி வச்சுட்டு வீக்கத்துக்கு உள்ளதை மட்டும் மொதல்ல போட்டா. அப்புறந்தான் என்னையப் பாத்தா. நீங்க யாரும்மான்னு கேட்டா. நான் நாயைப் பாத்தேன். சோலைமுத்தப் பாத்து, இந்தம்மா ஒங்களுக்கு என்ன வேணும்னு கேட்டா. இவதான் வெசம் வச்சிருக்கான்னு அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கனயே தல குனிஞ்சிருப்பேன், அந்தத் தலைய இந்த ஊருல மறுபடி நிமித்தியிருக்க முடியாது. நாய் தலையத் தடவிக்கிட்டே, எங்க மதினிம்மா, விவரம் பத்தாது, ஆனா வெசம் வைக்கிற ஆளு கெடையாதுன்னு சொன்னாவ ஒங்க சித்தப்பா. ரெண்டாப்பு படிச்சவர் அஞ்சாப்பு படிச்சவள விவரம் பத்தாதுன்னு சொல்லுதாரு பாத்துக்கோ. வேற சமயமா இருந்தா விட்டிருக்க மாட்டேன். அன்னைக்கு முந்தானையால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு நின்னேன்.

அப்புறம் டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுப் பாடம் எடுத்தா. மனுசருக்கு உள்ள வலிமாத்திரைய நாய்க்குக் குடுக்கவே கூடாதாம், வயித்துல புண்ணாக்கிரும், கிட்னியக் கெடுத்துரும், ஒங்க எடை எங்க, இந்தப் பதினெட்டு கிலோ நாய் எங்கன்னு கேட்டா. அது ஒரு பக்கம், இப்ப வந்திருக்கது அலர்ஜியாம். சில நாயோட ஒடம்புக்குச் சில மருந்து ஒத்துக்கிடாது, மொதத் தடவை ஒண்ணும் செய்யாம இருக்கும், ஒடம்பு அதை ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவை எதிர்த்துக்கிட்டு நிக்கும், மூஞ்சி வீங்கும், தடிக்கும், கக்கும், தொண்டை அடைச்சா உசிரே போயிரும்னு சொன்னா. மாத்திரையக் காட்டுங்கன்னா. நான் பெருமையாச் சுருக்குப்பையில இருந்து பல்பொடி டப்பாவ எடுத்துத் தொறந்தேன். பேரு எங்கம்மான்னு கேட்டா. பேரு எங்க இருக்கு. ஒம் மக அந்த வெள்ளித்தாளைக் கேட்டு அழுதான்னு எல்லா மாத்திரையையும் பிதுக்கி டப்பாவுல போட்டுட்டுத் தாளை அவகிட்டக் குடுத்தேன், அவ கிழிச்சு மாலை கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டா. அதைச் சொன்னேன். டாக்டரம்மா நெத்தியில அடிச்சுக்கிட்டா, அப்புறம் சிரிச்சுட்டா.

ஒரு மணி நேரம் அங்கன வேப்பமரத்தடியில உக்காந்திருந்தோம். ஒங்க சித்தப்பா போயி ரெண்டு டீ வாங்கிட்டு வந்து ஒண்ண எம் பக்கத்துல வச்சாவ. கொஞ்சங் கொஞ்சமா கண்ணு ரெண்டும் தொறந்துச்சு, மூக்கு கூராச்சு, பழைய மூஞ்சி வந்துச்சு. எந்திரிச்சு நின்னு ஒடம்ப உதறின ஒதறுல டீயெல்லாம் எஞ் சீலையிலதான். டாக்டரம்மா ஒரு கார்டு எழுதிக் குடுத்து, ரெண்டு நாளைக்கு இது வெளிக்கிருக்கது கருப்பா இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒடனே கொண்டு வாங்க, வயித்துல ரத்தம்னு அர்த்தம்னு சொல்லிவிட்டா. ரெண்டு நாளா நானும் ஒங்க சித்தப்பாவும் நாய் பின்னாலயே காட்டுக்குள்ள அலைஞ்சோம். கரிசல் மண்ணுல கருப்பா இருக்கா இல்லையான்னு எப்படிலே கண்டுபிடிக்கது. கடைசியில அவிய ஒரு வெள்ளைச் சாக்கைத் தூக்கிக்கிட்டு அது பின்னால ஓடினாவ, அதுக்கு வெக்கம் வந்து ஒரு நா முழுக்க இருக்கவே இல்ல. பயப்படாத, எல்லாம் நல்லபடியாத்தான் இருந்துச்சு.

ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு எறங்கினதும் ஒங்க சித்தப்பா கேட்ட மொதக் கேள்வி, மதினி, இன்னும் எத்தன பேருக்கு இதைக் குடுத்திருக்கீங்க. அதுவும் சரிதானன்னு மறுநா தெருத்தெருவாப் போயிக் குடுத்ததையெல்லாம் திருப்பி வாங்கினேன். மொத்தம் ஏழு வீடு. அதுல ஒண்ணு பார்வை பாக்குற வேல்சாமி வீடு, இடுப்புவலிக்கு என்கிட்ட வாங்கினவன் மூணு மாத்திரைய விபூதித் தட்டுக்கு அடியில வச்சிருக்கான், தரமாட்டேன்னு அடம் பிடிச்சான். ஒங்க எலை இருக்குல்லான்னு கேட்டவொடனே தந்துட்டான். அதனால ராசா, எனக்கு இனிமே மாத்திரை குடுத்துவிட வேண்டாம், முழங்காலைக் கோவில்பட்டி டாக்டர்கிட்ட காட்டப் போறேன், தைலம் மட்டும் ரெண்டு பாட்டில் அனுப்பு. நீயும் அங்கன ஒடம்பு வலிக்குன்னு கூட இருக்கவன் குடுக்கான்னு எதையும் வாங்கி முழுங்காத. சனிக்கெழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி, கெடைக்காட்டி வெந்நியாவது ஊத்து. ராவு பூரா டீவி பாக்கன்னு பொன்மணி சொன்னா, கண்ணைக் கெடுத்துக்கிடாத. அவ நல்லபடியா இருக்கா, எங்கிட்ட ரெண்டு நாள் பேசல, நாய்க்குக் குடுத்ததுக்கு இல்ல, பேத்தி கையில வெள்ளித்தாளைக் குடுத்ததுக்கு. அவ கோவத்துல நியாயம் இருக்கு, அதையும் நானே எழுதிட்டேன்.

முக்கியமான விசயம் இனிமேதான். கப்பலுக்குக் காலுவலி இன்னும் தீரல. மூஞ்சி சரியாச்சு, தடிப்புப் போச்சு, ஆனா மூணு காலுலதான் நடக்கு, பஸ்ஸு ஆரன் கேட்டாத் தலைய மட்டும் தூக்கிட்டுப் படுத்துக்கிடுது, பாக்கச் சகிக்கல. என்ன மருந்து ஆகலன்னு பேரு தெரியாம வேற வலிமருந்து போட முடியாது, அதே இனத்து மருந்தாப் போயிட்டா மறுபடியும் இதே கதைதான்னு டாக்டரம்மா சொல்லிட்டா. கார்டுல ஆகாத மருந்துன்னு எழுதி எதுக்க ஒரு கோடு போட்டுக் காலியா விட்டிருக்கா. நீ என்ன மாத்திரை வாங்கி அனுப்பினேன்னு ஒனக்குத்தான் தெரியும். கடையில கேட்டு, பேரை இங்கிலீசுல பெரிய எழுத்துல தனித்தனியா எழுதி, பக்கத்துலயே தமிழ்லயும் எழுதி ஒடனே போடு. எனக்கு இங்கிலீசு வராதுன்னு பொன்மணிய வச்சு எழுதச் சொல்லாத, நானே பாத்து வரைஞ்சு நிரப்புதேன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்.

கார்டு நம்ம வீட்டுலதான் இருக்கு, ஒங்கள்ட்டயே இருக்கட்டும் மதினின்னு ஒங்க சித்தப்பா குடுத்துட்டாவ. தெனமும் சாயங்காலம் காட்டுல இருந்து நேரா வந்து, வாசப்படியில உக்காந்து, சார்ஜாவுக்குக் கடுதாசி எழுதியாச்சான்னு கேக்காவ. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லி ஒரு செம்புத் தண்ணி குடுக்கேன். ஒங்கப்பாவும் வந்து உக்காருதாவ, ரெண்டு பேரும் மழை வருமான்னு வானத்தைப் பாத்துக்கிட்டு இருட்டுற வரைக்கும் பேசுதாவ. ஒங்கப்பா இவ்வளவு பேசி நான் கேட்டு மூணு வருசமாச்சு. ஒங் கடுதாசி வந்துட்டா அவியளுக்கு வரக் காரணம் இருக்காதேன்னு ஒரு நெனப்பு எனக்கு வராம இல்ல. அதுக்காக நீ ஒரு நாள்கூடப் பிந்திராத ராசா, அந்த வாயில்லாச் சீவன் காலைத் தூக்கிக்கிட்டு நிக்கி. இந்தக் கடுதாசி கையில கெடைச்ச அன்னைக்கே மருந்துப் பேரை எழுதித் தபால்ல போடு.

நீ நூறு வருசம் நோய் நொடி இல்லாம, எடுத்த வேலையெல்லாம் ஜெயமாகி, ஒம் மகளைப் பக்கத்துல இருந்து பாக்குற நாள் சீக்கிரம் வரணும்னு வாழ்த்தி எழுதுத,

ஒன்னையப் பெத்த அம்மா,
சோ. மா. வெயிலுகந்தம்மாள், ஐந்தாம் வகுப்பு.